உப்பு பட்டதும் உடையும் சன்ஸ்கிரீன்

என் தங்கை தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் தர ஆய்வு வேலை பார்க்கிறாள். காலையில் பாத்திப் பக்கம் போனால் பதினொரு மணி தாண்டும் வரை வெயிலில்தான் நிற்க வேண்டும். அங்கே வெயில் ஒரு பக்கமாக மட்டும் வருவதில்லை. தலைக்கு மேலே சூரியன், காலடியில் வெள்ளை வெளேரென்று உப்பு. மேலே இருந்து வருவதைத் தொப்பி மறைக்கும். கீழே இருந்து எதிரொளித்துத் தாடைக்கும் மூக்கின் அடிப்பக்கத்துக்கும் வருவதை எந்தத் தொப்பியும் மறைக்காது. ஆனாலும் அவள் சன்ஸ்கிரீன் போடமாட்டாள். நான் வாங்கிக் கொடுத்த மூன்று டியூப்களும் பாதியில் நின்றுவிட்டன. "அக்கா, முகத்துல மெழுகு பூசின மாதிரி இருக்கு. வேர்வை வந்தா கண்ணுக்குள்ள இறங்கி எரியுது. இதுக்கு வெயிலே பரவால்ல" என்றாள்.

நான் வேதியியல் படித்தவள். நான்கு வருடமாக வீட்டில் சோப்பும் லோஷனும் செய்து பழகியிருக்கிறேன். ஜப்பானிலிருந்து வந்த தோழி ஒருத்தி ‘வாட்டரி எசன்ஸ்’ வகை சன்ஸ்கிரீன் டியூப் ஒன்றைக் கொண்டுவந்தாள். புறங்கையில் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்ததும் அந்த ஜெல் சட்டென்று உடைந்து தண்ணீராகிப் பரவியது. ஒரு நிமிடத்தில் தோலில் எதுவுமே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. அதையே வாங்கித் தங்கைக்குக் கொடுத்திருக்கலாம்தான். ஒழுங்காகப் பூசினால் மாதம் ஒரு டியூபுக்கு மேல் தீர்ந்துவிடும், விலை கட்டுப்படியாகாது. அது பாதிக் காரணம். மீதிப் பாதி, அந்த உடைதல் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை.

செய்முறைக்குள் போகும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தோலில் எப்படி இருக்கிறது என்பதை வீட்டில் சோதிக்கலாம். எவ்வளவு காக்கிறது என்பதை வீட்டில் அளக்க முடியாது. எஸ்பிஎஃப் எண்ணை வழக்கமாக ஐஎஸ்ஓ 24444 முறைப்படி மனிதர்களின் தோலில், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி, அளந்த ஒளியைச் செலுத்திக் கண்டுபிடிக்கிறார்கள். ஒரே ஃபில்டர்கள் (வெயிலின் புற ஊதா, அதாவது யூவி கதிரை உறிஞ்சும் பொருள்கள்), ஒரே அளவு, ஆனால் கலக்கிய விதம் வேறு என்றால் எண்ணும் மாறிவிடும். அதனால் இந்தப் பதிவில் எங்கேயும் நான் எஸ்பிஎஃப் எண் சொல்லப் போவதில்லை. விற்பதும் இல்லை. அதற்கு உரிமம் வேண்டும். இந்தக் கலவையை நம்பி யாரும் உச்சிவெயிலில் நிற்க வேண்டாம். என் தங்கையும் நிற்கவில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

ஒவ்வொரு முறையும் சரியாக 100 கிராம் கலவை செய்தேன். அப்படிச் செய்தால் சதவீதமும் கிராமும் ஒன்றாகிவிடும், கணக்கு எளிது. 0.01 கிராம் வரை காட்டும் தராசு, இரண்டு பீக்கர், ஒரு வெந்நீர்ப் பாத்திரம், தெர்மாமீட்டர், பிஹெச் மீட்டர், சின்ன ஹேண்ட் பிளெண்டர் ஆகியவைதான் கருவிகள். ஃபில்டர் பொடிகளை அளக்கும்போது மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம், அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. பொடிகளைச் சிறிய பாக்கெட்டில் விற்பவர்களிடம் வாங்கினேன். லாட் எண்ணும் பகுப்பாய்வுச் சான்றும் கேட்டபோது ஒருவர் மழுப்பினார், அவரிடம் வாங்கவில்லை. வெள்ளைப் பொடி எல்லாமே வெள்ளைப் பொடிதான், காகிதம் இல்லாமல் அது என்ன என்று நமக்குத் தெரியாது.

முதல் கலவையைப் பழைய பாணி கிரீமாகவே செய்தேன். ஆவோபென்சோன் 3, ஆக்டோகிரிலின் 8, கெட்டிப்படுத்த செட்டைல் ஆல்கஹால், எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்க கிளிசரில் ஸ்டியரேட். ஆவோபென்சோன் நீண்ட அலைநீள யூவியான யூவி-ஏ கதிரை நன்றாக உறிஞ்சும், ஆனால் வெயிலிலேயே சிதைந்தும் போகும். ஆக்டோகிரிலின் அதைத் தாங்கிப் பிடிக்கும். பாடப்புத்தகப்படி சரியான ஜோடி. தோலில் வைத்தால் தங்கை சொன்ன அதே மெழுகு. ஆக்டோகிரிலின் தேன் மாதிரி பிசுபிசுக்கும் திரவம், செட்டைல் ஆல்கஹாலோ உண்மையிலேயே மெழுகு. இரண்டையும் போட்டுவிட்டு எடை தெரியக் கூடாது என்றால் எப்படி?

இரண்டாவது கலவையில் மெழுகைப் பாதியாக்கித் தண்ணீரைக் கூட்டினேன். ஊற்றினால் பால் மாதிரி ஓடியது. நினைத்தது கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகக் கையில் தடவினேன். தண்ணீர் ஆவியானதும் அதே மெழுகு, அதே பிசுபிசுப்பு. நான்காம் நாள் பாட்டிலில் மேலே எண்ணெய் தனியாக நின்றது. பாட்டிலில் நீர்த்திருப்பதும் தோலில் நீராகத் தெரிவதும் இரண்டு வேறு விஷயங்கள் என்று அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் எப்படியும் போய்விடும். போன பிறகு தோலில் மிஞ்சுவதுதான் சன்ஸ்கிரீன். மிஞ்சுவது எது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

ஆவோபென்சோனையும் அங்கேயே விட்டேன். அது இரும்போடு சேர்ந்தால் செம்மஞ்சள் நிறமாகும். சன்ஸ்கிரீன் ஒட்டிய வெள்ளைச் சட்டையை இரும்புச்சத்துள்ள போர்த் தண்ணீரில் துவைத்தால் காலரில் துருக்கறை மாதிரி பிடித்துக்கொள்வது இதனால்தான். தங்கை வீட்டில் போர்த் தண்ணீர். அவளுடைய சீருடைச் சட்டையோ வெள்ளை.

மூன்றாவது கலவைக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். மெழுகு கிடையாது. எண்ணெயையும் தண்ணீரையும் பிடித்து வைக்க ஒரு பாலிமர், அக்ரிலேட்ஸ் சி10-30 ஆல்கைல் அக்ரிலேட் கிராஸ்பாலிமர். பெயர்தான் நீளம், போடுவது 0.3 கிராம்தான். ஃபில்டர்களுக்கு யூவி-ஏ பக்கம் டிஹெச்ஹெச்பி (டையெத்திலமினோ ஹைட்ராக்ஸிபென்சாயில் ஹெக்ஸில் பென்சோயேட்), இது 354 நானோமீட்டர் அருகே உச்சமாக உறிஞ்சும், வெயிலில் சிதையாது. அதைவிடக் குறுகிய அலைநீள யூவி-பி பக்கம் எத்தில்ஹெக்ஸில் டிரையசோன், கொஞ்சம் போட்டாலே நிறைய உறிஞ்சும். இரண்டு பக்கமும் பிடிக்க பெமோட்ரிசினால். மூன்றும் பொடிகள். இவற்றைக் கரைக்க டைபியூட்டில் அடிப்பேட். விரலில் தொட்டால் எண்ணெய் என்றே தோன்றாத மெல்லிய திரவம் அது.

இதோடு ஒரு புத்திசாலித்தனமும் செய்ததாக நினைத்தேன். என்சுலிசோல் என்று ஒரு ஃபில்டர் உண்டு. மற்றவை எண்ணெயில் கரையும், இது மட்டும் தண்ணீரில் கரையும். எண்ணெய்ப் பகுதியைக் கூட்டாமலே பாதுகாப்பைக் கூட்டலாம், மெழுகுத்தன்மையும் வராது. ‘தண்ணீர் மாதிரி’ என்ற எண்ணத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஃபில்டர் இருக்குமா? இது அமிலம். அப்படியே போட்டால் கரையாது. காரம் சேர்த்து உப்பாக மாற்றினால்தான் கரையும். 2 கிராம் என்சுலிசோலுக்கு 0.88 கிராம் டிரோமெத்தமின் என்ற காரம் கணக்குப்படி வரும். கொஞ்சம் கூடவே போட்டு பிஹெச் 7.3க்குக் கொண்டுவந்தேன். பீக்கரில் கண்ணாடி மாதிரி தெளிந்த கரைசல்.

இதைத் தண்ணீர்ப் பகுதியாக வைத்துக்கொண்டு எண்ணெய்ப் பகுதியை ஊற்றிக் கலக்கினேன். பாலிமர் ஜெல்லாகத் திரளும் என்று காத்திருந்தேன். திரளவே இல்லை. வெள்ளைத் தண்ணீராக நின்றது. பிஹெச் சரிதானா என்று பார்த்தேன், சரி. பாலிமர் குறைவோ என்று இன்னும் 0.2 கிராம் தூவினேன், அது முட்டை முட்டையாக மிதந்ததே தவிர ஒன்றும் ஆகவில்லை. ராத்திரி பத்தரை மணிக்கு அப்படியே மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் எண்ணெய் மொத்தமாகப் பிரிந்து மேலே நின்றது.

அடுத்த நாள் சமையலறையில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம். கை கழுவும் ஜெல் சானிடைசரை ஒரு ஸ்பூன் தட்டில் வைத்து, அதன்மேல் ஒரு சிட்டிகைத் தூள் உப்பைத் தூவி விரலால் கலக்குங்கள். பெரும்பாலான ஜெல்கள் சில வினாடிகளில் தண்ணீராக ஓடிவிடும். அவற்றில் இருப்பது என் பாலிமரின் நெருங்கிய சொந்தமான கார்போமர். இந்தப் பாலிமர்ச் சங்கிலிகளின்மேல் எதிர் மின்னேற்றம் நிறைய இருக்கும். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சங்கிலிகள் விரிந்து, தண்ணீரைத் தங்களுக்குள் பிடித்து வீங்கி நிற்கும். அதுதான் ஜெல். உப்பு வந்ததும் அதன் நேர்மின் அயனிகள் அந்த ஏற்றத்தை மறைத்துவிடும். தள்ளுவிசை போய்விடும். சங்கிலிகள் சுருண்டு, பிடித்திருந்த தண்ணீரை விட்டுவிடும்.

நான் என்சுலிசோலைக் கரைக்கிறேன் என்று செய்ததும் அதுதான், ஒரு உப்பைத் தயாரித்து அதற்குள்ளேயே இந்தப் பாலிமரைப் போட்டிருக்கிறேன்.

தட்டில் ஓடிய அந்த ஜெல்லைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் தோழியின் டியூப் ஞாபகம் வந்தது. தோலில் தேய்த்ததும் உடைந்து தண்ணீரானதே, அங்கே உப்பு எங்கிருந்து வந்தது? தோலிலிருந்துதான். நம் தோலின்மேல் வேர்வையின் உப்பு எப்போதும் கொஞ்சம் இருக்கிறது. டியூபுக்குள் உப்பு அதிகம் இல்லாத தண்ணீரில் வீங்கி நிற்கும் ஜெல், விரல் பட்டதும் அந்த உப்பைச் சந்திக்கிறது, உடைகிறது, தண்ணீர் வெளியே பாய்கிறது, எண்ணெய்த் துளிகள் தோலில் படிகின்றன. என் பீக்கரில் கலவையைக் கெடுத்ததும், தோலில் அந்த மாயத்தைச் செய்வதும் ஒரே விஷயம். உப்பளத்தில் நிற்பவளுக்காகச் செய்ய ஆரம்பித்த வேலையில் விடையாக உப்பே வந்து நின்றது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இதன் பிறகு வழி இரண்டாகப் பிரிந்தது. உப்பைத் தாங்கும் பாலிமரைப் போட்டு என்சுலிசோலை வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் என்சுலிசோலை விட்டுவிட்டு, உடையும் பாலிமரை வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் செய்து பார்த்தேன். நான்காவது கலவையில் சாந்தன் கம் 0.3, உப்பைத் தாங்கும் பாலிஅக்ரிலேட் கிராஸ்பாலிமர்-6 ஒரு கிராம். அழகாகத் திரண்டது, ஒரு வாரம் வைத்தும் பிரியவில்லை. ஆனால் தோலில் தேய்த்தால் வெண்டைக்காய்க் கொழகொழப்பு. உடையவே இல்லை. எப்படி உடையும்? உப்புக்கு அசையாத பாலிமரைத் தேடித் தேர்ந்தெடுத்தது நான்தானே. கடையில் இந்த இரண்டையும் சேர்த்துச் சாதித்த கலவைகள் இருக்கலாம், அவர்களிடம் இருக்கும் கருவிகள் வேறு. என் அடுப்படியில் ஏதாவது ஒன்றைத்தான் எடுக்க முடியும். என்சுலிசோலை விட்டேன்.

ஐந்தாவது கலவையில் உடைதல் கிடைத்தது. புறங்கையில் வைத்துத் தேய்த்தேன். முதல் சுற்றில் ஜெல், இரண்டாம் சுற்றில் நீர். வீட்டில் எல்லோருடைய கையையும் இழுத்து வைத்துத் தேய்த்துக் காட்டினேன். அம்மா, "இது ரோஸ் வாட்டரா?" என்று கேட்டார். அன்றைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் உடைந்த பிறகு லேசாக ஒட்டியது. காரணம் கிளிசரின். பழக்கதோஷத்தில் 5 போட்டிருந்தேன். தூத்துக்குடிக் காற்றில் இருக்கும் ஈரத்தில் கிளிசரின் தோலின்மேல் தண்ணீரை இழுத்துக்கொண்டு பிசுபிசுவென்று நிற்கும். அதை 2 ஆக்கி, புரொப்பேன்டையால் 3 சேர்த்தேன். ஜப்பானிய எசன்ஸ்களின் பொருள் பட்டியலில் எத்தனால் முன்வரிசையில் இருக்கும். அந்தச் சில்லிப்பும் சட்டென்று காய்வதும் பெரும்பாலும் அதனால்தான். நான் சேர்க்கவில்லை. தங்கையின் முதல் புகாரே கண் எரிச்சல். அடுப்புப் பக்கத்தில் சாராயத்தை வைத்துக்கொண்டு வேலை செய்யவும் எனக்கு மனமில்லை.

மூன்றாவது வாரம் அந்தக் கலவையை விரலிடுக்கில் தேய்த்தபோது நறநறவென்றது. நைஸ் மணல் மாதிரி. பள்ளியில் வேலை பார்க்கும் தோழியிடம் மைக்ராஸ்கோப் கேட்டுப் பார்த்தேன். எண்ணெய்த் துளிகளுக்கு நடுவே ஊசி ஊசியாகப் படிகங்கள். இது பெரிய தவறு. படிகமாகிவிட்ட ஃபில்டர் தோலில் பரவாது. பரவாத ஃபில்டர் காக்காது. வெளியில் இருந்து பார்த்தால் கிரீம் அழகாக இருக்கும், உள்ளே பாதுகாப்பு குறைந்துகொண்டே போகும். இலேசாக இருக்க வேண்டும் என்று கரைப்பானைக் குறைத்துக்கொண்டே வந்தேன். 80 டிகிரியில் எல்லாம் கரைந்துவிட்டது, ஆறிய பிறகு அவ்வளவு பொடியைப் பிடித்து வைக்க அந்த எண்ணெய்க்குக் கொள்ளளவு இல்லை. சர்க்கரைப் பாகு ஆறியதும் பூத்துக்கொள்வது போலத்தான்.

அதன் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். முழுக் கலவை செய்யும் முன் எண்ணெய்ப் பகுதியை மட்டும் 20 கிராம் தயாரித்துச் சின்னக் கண்ணாடி பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைப்பேன். மறுநாள் அதே ஃபில்டரின் ஒரு துகளை உள்ளே போடுவேன். எண்ணெய் தாங்கும் அளவைவிட அதிகம் கரைந்திருந்தால் அந்தத் துகளைப் பிடித்துக்கொண்டு படிகம் வளரும். இரண்டு வாரம் வளராமல் இருந்தால்தான் அடுத்த கட்டம். இதற்காகவே ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று கலவைகள் பாட்டிலோடு நின்றன. கடைசியில் கைகொடுத்தது எத்தில்ஹெக்ஸில் சாலிசிலேட். அது யூவி-பி ஃபில்டர், கூடவே நீர்த்த திரவம், மற்ற பொடிகளை நன்றாகக் கரைக்கும். ஃபில்டராகவும் கரைப்பானாகவும் இரண்டு வேலை பார்ப்பதால் மொத்த எண்ணெய் அளவு ஏறவில்லை. பொடி எல்லாவற்றையும் ஒன்றிலேயே குவிக்காமல் மூன்றாகப் பிரித்துப் போட்டதும் உதவியது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் கரையும் எல்லை தனி.

இந்த நிலையில்தான் எனக்குள் ஒரு பயம் வந்தது. தண்ணீர் மாதிரி ஓடும் ஒன்று தோலில் சமமாகப் படியுமா? தோல் கண்ணாடி மாதிரி வழவழப்பானது அல்ல, மேடும் பள்ளமுமாக இருக்கும். நீர்த்த திரவம் பள்ளத்தில் தேங்கி மேட்டில் மெலிந்துவிடும். மெலிந்த இடத்தில் வெயில் உள்ளே போகும். சராசரிக் கனம் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை, ஓட்டைக் குடை மாதிரி.

இதைப் பார்ப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். 365 நானோமீட்டர் யூவி டார்ச் ஒன்று, 10க்கு 15 சென்டிமீட்டர் போட்டோ ஃபிரேம் கண்ணாடி ஒன்று, பிரிண்டருக்குப் போடும் வெள்ளைத் தாள். அந்தத் தாளில் வெண்மைக்காகச் சேர்த்திருக்கும் பொருள் யூவி பட்டால் நீலமாக ஒளிரும். கண்ணாடியின் ஒரு பக்கத்தை நைஸ் எமரி பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினேன். 150 சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிராம் கலவை என்றால் அதே 2 மில்லிகிராம் கணக்கு. கையுறை விரலால் பூசி, கால் மணி நேரம் காயவிட்டு, கண்ணாடியைத் தாளின்மேல் வைத்து, இருட்டறையில் டார்ச் அடித்தேன். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான். கலவை சமமாகப் படிந்த இடத்தில் தாள் இருண்டு தெரியும். ஓட்டை இருக்கும் இடத்தில் நீல வெளிச்சம் எட்டிப் பார்க்கும்.

இது யூவி-ஏ பகுதியை மட்டும்தான் காட்டும், யூவி-பி பற்றி ஒன்றும் சொல்லாது. எண்ணும் தராது. ஆனால் சமமா, திட்டுத்திட்டா என்று தெரிந்துகொள்ள எனக்கு அது போதும். முதல் கலவையான மெழுகுக் கிரீம் ஒரே கருமையாக நின்றது. அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒன்பதாவது கலவை, தோலில் மிக அருமையாக இருந்தது, விரல் போன வழியெல்லாம் நீலக் கோடுகள். சீப்பால் வாரிய மாதிரி. நான் இத்தனை நாள் கொண்டாடிய நீர்த்தன்மையின் விலை அந்தக் கோடுகளில் தெரிந்தது.

பத்தாவது கலவையில் படலம் கட்டும் பாலிமர், விபி/ஹெக்ஸாடெசீன் கோபாலிமர், எண்ணெய்ப் பகுதியில் 3 கிராம் சேர்த்தேன். கோடுகள் போய்விட்டன. ஆனால் முகத்தில் பூசி, காய்ந்ததும் லேசாகத் தேய்த்தால் அழுக்குத் திரள்வது போல் திரி திரியாக உருண்டு வந்தது. படலப் பாலிமரும் அதிகம், ஜெல் பாலிமரும் 0.4க்கு ஏறியிருந்தது. இரண்டையும் குறைத்தேன். பதினொன்றாவது கலவையில் படலம் 1.5, ஜெல் 0.3. டார்ச்சில் ஓரங்களில் மட்டும் மெல்லிய நீலம். உருளவில்லை. உடைதல் ஒன்பதாவது அளவுக்கு வேகமாக இல்லை, மூன்றாம் சுற்றில்தான் நீராகிறது. அந்த ஒரு சுற்றை நான் மனமார விட்டுக்கொடுத்தேன்.

அந்தப் பதினொன்றாவதின் அளவுகள் இவை. எண்ணெய்ப் பகுதியில் எத்தில்ஹெக்ஸில் சாலிசிலேட் 4.5, டிஹெச்ஹெச்பி 4, எத்தில்ஹெக்ஸில் டிரையசோன் 2, பெமோட்ரிசினால் 2, டைபியூட்டில் அடிப்பேட் 8, வழுக்கிக்கொண்டு பரவ காப்ரிலில் மெத்திகோன் 2, படலப் பாலிமர் 1.5, ஜெல் பாலிமர் 0.3. தண்ணீர்ப் பகுதியில் டிஸ்டில்டு வாட்டர் 69.3, புரொப்பேன்டையால் 3, கிளிசரின் 2, உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ள டைசோடியம் ஈடிடிஏ 0.1. கடைசியில் ஃபீனாக்ஸிஎத்தனாலும் எத்தில்ஹெக்ஸில்கிளிசரினும் சேர்ந்த, கலவை கெடாமல் காக்கும் பதப்பொருள் 1, டிரோமெத்தமின் 0.3. கேன் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ வேண்டாம், அதிலிருக்கும் உப்பே ஜெல்லை இளக்கிவிடும். ஈடிடிஏயும் உப்புதான், அதனால் 0.1க்கு மேல் போகவில்லை.

மெத்திகோன், ஜெல் பாலிமர் இரண்டையும் தவிர்த்து எண்ணெய்ப் பகுதியை 80 டிகிரியில் வைத்து, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு துகள்கூட இல்லாமல் தெளியும்வரை கிளற வேண்டும். இங்கே அவசரப்பட்டால் மூன்று வாரம் கழித்து மணல் வரும். 60 டிகிரிக்கு இறங்கியதும் மெத்திகோனை ஊற்றி, ஜெல் பாலிமரைத் தூவிக் கலக்க வேண்டும். அதே சூட்டில் இருக்கும் தண்ணீர்ப் பகுதியில் இதை ஊற்றி பிளெண்டரால் இரண்டு நிமிடம். அப்புறம் பிளெண்டரை எடுத்துவிட வேண்டும். டிரோமெத்தமின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும்போது ஸ்பேச்சுலாவால் மெதுவாகக் கிளறினால் போதும். பிஹெச் 6.3 வந்தபோது கண்ணெதிரே திரண்டது. திரண்ட பிறகு பிளெண்டரைப் போட்டால் பாலிமர்ச் சங்கிலிகள் அறுந்து மறுபடி இளகும், காற்றுக்குமிழியும் ஏறும். எனக்கு ஒருமுறை அது நடந்தது. பதப்பொருள் 40 டிகிரிக்குக் கீழே.

வேர்வைச் சோதனையும் டார்ச்சை வைத்தே செய்தேன். 100 மில்லி தண்ணீரில் அரை கிராம் உப்பைக் கரைத்து, பூசிக் காய்ந்த கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தி அதன்மேல் ஸ்பிரே செய்தேன். முதல் கலவையில் பால் மாதிரி வெள்ளை நீர் கீழே வடிந்தது. அதிலிருக்கும் எமல்சிஃபையர், அதாவது எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கும் கிளிசரில் ஸ்டியரேட், தோலில் இருந்துகொண்டே மறுபடியும் எண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்துவிடுகிறது. கண்ணுக்குள் இறங்கி எரிவது அதுதான். பதினொன்றாவதில் வடிந்த நீர் ஏறக்குறைய தெளிவாக இருந்தது. ஒருமுறை உப்பால் உடைந்த பாலிமருக்கு எண்ணெயை மறுபடி தண்ணீரில் கலக்கும் சக்தி இல்லை. உடைந்ததே அதற்குக் காவலாகிவிட்டது.

முழங்கை மடிப்பில் இரண்டு நாள் வைத்துப் பார்த்துச் சிவக்கவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் தங்கைக்குக் காட்டினேன். அவள் வீட்டுக்கு வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். முன்பு ஒரு நாள் அவள் கடை கிரீமை எடுத்துப் பூசும்போது டியூபைத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறேன். 0.4 கிராம்தான் எடுத்திருந்தாள். முகத்துக்குச் சுமார் 600 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால் 1.2 கிராம் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு பூசினால், டியூபில் அச்சடித்த எண் தோலில் கிடைக்காது. ஒரு சன்ஸ்கிரீன் இலேசாக இருக்க வேண்டும் என்பதை நான் ஆடம்பரமாக நினைக்காததற்குக் காரணம் இதுதான். மெழுகாக இருந்தால் யாரும் போதிய அளவு பூசமாட்டார்கள்.

அவளிடம் கணக்கு எதுவும் சொல்லவில்லை. டியூபைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டு கொடுத்தேன். ஒரு தடவை பூசினாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "அக்கா, இது காஞ்சிருச்சா, இல்ல போயிருச்சா?" என்றாள். இன்னொரு தடவை எடுத்தாள். அப்புறம் கழுத்துக்கும் காதுக்குப் பின்னாலும். டியூபை மறுபடி வைத்தபோது 1.6 கிராம் குறைந்திருந்தது.

பகலில் அவள் இப்போதும் பரிசோதித்த கடை சன்ஸ்கிரீன்தான் போடுகிறாள். மெழுகுக் கிரீமை நிறுத்திவிட்டு, உப்பில் உடையும் அந்த ஜெல் பாலிமரின் பெயரையும் டிஹெச்ஹெச்பியின் முழுப்பெயரையும் பொருள் பட்டியலில் தேடி, ஜெல் வகையாக ஒன்றை நானே வாங்கிக் கொடுத்தேன். முன்பைவிட அதிகமாகப் பூசுகிறாள், கண் எரிச்சல் குறைந்திருக்கிறது. என்னுடையது இப்போது தெர்மோகோல் பெட்டிக்குள், பல்பும் தெர்மோஸ்டாட்டும் வைத்து 45 டிகிரியில் மூன்று பாட்டில், ஃபிரிட்ஜில் மூன்று பாட்டில். பன்னிரண்டு வாரத்தில் ஒன்பது முடிந்திருக்கிறது. இதுவரை பிரியவில்லை, மைக்ராஸ்கோப்பில் ஊசி இல்லை, பிஹெச் 6.3லிருந்து 6.2 ஆகியிருக்கிறது. மீதி மூன்று வாரமும் தாங்கினால், ஒரு பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி யூவி அளவீடு கேட்க வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை நிரப்பி வைத்துவிட்டேன்.